சொந்த நிலம், ஆக்சிஸ், வைட்டெயில்: டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் பார்த்ததைப் பகிருங்கள்

மேடினாக்கரை

ஃபீடர் (நேரம் வைத்து மக்காச்சோளம் சிதறும் எந்திரம்), அதைச் சுற்றிய பேனல் வேலி (கம்பிச் சட்டம்) எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம், பொழுது சாய அரை மணி நேரம் இருக்கும். மக்காச்சோளம் சிதறி ஓய்ந்ததும் ஒரு பெரிய ஆக்சிஸ் (நம்மூர்ப் புள்ளிமான்) கூட்டம் உள்ளே வந்துவிட்டது. ஒரு கிடாவுக்குக் கொம்பு முற்றிப் பளபளக்கிறது, அதன் தோளை உரசி நிற்கும் இன்னொன்றுக்குக் கொம்பை மூடிய மெல்லிய தோல், வெல்வெட், இன்னும் உரியவே இல்லை. வேலிக்கு வெளியே வைட்டெயில் (வெள்ளைவால் மான்) பெட்டை ஒன்று, இரண்டு குட்டிகளோடு. முன்னங்காலைத் தரையில் தட்டுகிறது, இரண்டு அடி வருகிறது, பின்வாங்குகிறது. ஆக்சிஸ் எதுவும் அதை விரட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டும்வரை அந்தப் பெட்டை உள்ளே வரவே இல்லை.

அந்தக் கால் தட்டல் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வைட்டெயில் இந்த மண்ணின் மான். ஆக்சிஸ் 1932-ல்தான் டெக்சஸுக்கு வந்தது. ஃபீடரை 12 வோல்ட் டைமரில் காலை, மாலை ஆறு விநாடி சுற்றவிடும் வழக்கமான அமைப்புதான். வேலி 34 அங்குலப் பேனல். பன்றி நுழையாது, வளர்ந்த மான் தாண்டிவிடும். வைட்டெயிலுக்குப் பங்கு கிடைக்க வழி உண்டா?

லானோ_கருங்கல்

வழி கேட்டீர்கள், ஆக்சிஸ் பெட்டையைச் சுடுவதுதான் வழி. ஆனால் கூட்டத்தில் சுடுவது எப்படிப் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

ஜூன் மாதம், 110 கஜம், .243 துப்பாக்கியில் 100 கிரெய்ன் தோட்டா. பெட்டை குறுக்காக நின்றது. வெடித்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே உடம்பாகத் திரும்பி ஓடியது. அடிபட்டது எது என்றே தெரியவில்லை. வைட்டெயில் என்றால் வால் இறங்கும், முதுகு வளையும், தனியாகப் பிரியும். ஆக்சிஸ் கூட்டத்துக்குள் புகுந்து ஓடும். ஏதாவது ஒன்று பின்தங்குகிறதா, பக்கவாட்டில் கழல்கிறதா என்று ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். எல்லை வேலியடியில் ரத்தம் கிடந்தது. கருஞ்சிவப்பு, ஓரத்தில் பச்சை. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம். ஆக்சிஸ் பெரும்பாலும் எல்லை வேலியைத் தாண்டாது, அடியில் இருக்கும் பள்ளத்தைத் தேடிப் பிடித்து நுழைந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு: நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு ஈரல், இரண்டு மூன்று மணி நேரம். பச்சையோ நாற்றமோ இருந்தால் குடல், ஆறு மணி நேரமாவது அந்தப் பக்கம் போகக் கூடாது. எழுப்பிவிட்டால் அடுத்த கவுன்டிவரை ஓடும்.

பக்கத்து நிலத்துக்குள் அடிபட்ட மானைத் தேடிப் போகவும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். தோட்டாவே எல்லையைத் தாண்டுவது டெக்சஸில் தனிக் குற்றம், அதற்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அதனால் சீசனுக்கு முன்பே பக்கத்துக்காரர் எண்ணை வாங்கி வையுங்கள். மரத்திலோ கம்பத்திலோ ஊதா பெயின்ட் கோடு (8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரம்) இருந்தால் அதுவும் ‘உள்ளே வராதே’ பலகைதான்.

இன்னொன்று. கூட்டத்தில் குறுக்காக நிற்கும் மானுக்குப் பின்னால் வேறொன்று நின்றால் விசையைத் தொடாதீர்கள். .308 தோட்டா ஒன்றைத் துளைத்து அடுத்ததில் போய் நிற்கும்.

கூலர்_மாமா

லானோ தம்பி, ஆறு மணி நேரக் கணக்கு நவம்பருக்குச் சரி. ஜூனில் வெளியே 38 டிகிரி. ஆறு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தால் கண்டெடுப்பது கறி அல்ல. குடலடி என்று தெரிந்தால் மோப்பம் பழகிய நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் இறங்கலாம் என்பது என் கட்சி. அதைவிட முக்கியம், குடலடி படாமல் பார்ப்பது. குறுக்காக நிற்கும்போது முன்னங்காலின் பின்கோட்டில், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. சற்று அப்பால் திரும்பி நின்றால் எதிர்ப்பக்கத் தோளைக் குறி வையுங்கள். நம்மை நோக்கித் திரும்பி நின்றால் விட்டுவிடுங்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கறியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோடையில் மானை மரத்தில் தொங்கவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் கெடுவது பின்தொடை, அதுவும் வெளியே இல்லை, இடுப்பு மூட்டில் எலும்பை ஒட்டி. கறி தடிமனாக இருக்கும் இடம் அது, சூடு வெளியேறாது. வெளியில் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும், அறுத்தால் உள்ளே புளித்த வாடை.

வயிற்றைத் திறக்காமலே பிரிக்கலாம். முதுகில் நடுக்கோடு கிழித்துத் தோலைக் கீழ்நோக்கி உரிக்க வேண்டும். முன்தோளில் எலும்பு மூட்டு கிடையாது, கத்தியை உள்ளே ஓட்டினால் கழன்றுவிடும். பிறகு முதுகெலும்பை ஒட்டி நீளக் கறி, கழுத்து, அடுத்து பின்தொடை. கடைசியில் விலா முடியும் இடத்தில் கைவிட்டு உள்முதுகுக் கறி. ஒரு பக்கம் முடிந்ததும் மானைப் புரட்டி மறுபக்கம். பின்தொடையில் எலும்பை ஒட்டி நீளமாக ஒரு கீறல் போட்டுத் திறந்து வையுங்கள். சூடு இறங்குவது அந்தக் கீறல் வழியாகத்தான்.

கூலரில் அடியில் ஐஸ், அதன்மேல் ஒரு கம்பித் தட்டு, அதன்மேல் கறி, மேலே மறுபடி ஐஸ். பெட்டைக்கு 20 பவுண்டு பை இரண்டு, பெரிய கிடாவுக்கு நான்கு. வடிகால் மூடியைத் திறந்து, கூலரைச் சற்றே சாய்த்து வையுங்கள். ஐஸ் தண்ணீரில் மிதக்கும் கறி வெளுத்துச் சவசவ என்று ஆகிவிடும், ‘ரத்தம் போய்விட்டது’ என்று அதையும் பெருமையாகச் சொல்வார்கள். கறியின் நடுவில் தெர்மாமீட்டர் குத்தி 4 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். தினமும் ஐஸ் மாற்றி மூன்று நான்கு நாள் வைத்தால் நன்றாகப் பதப்படும்.

ஆக்சிஸில் கொழுப்பு என்று ஒன்று கிடையாது. கோலா உருண்டைக்குக் கொத்தும்போது ஐந்து பங்கு கறிக்கு ஒரு பங்கு ஆட்டுக் கொழுப்பு சேர்க்காவிட்டால் உதிர்ந்துவிடும். கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி வரட்டும். ஈயத் தோட்டா என்றால் காயத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி எறியுங்கள், துகள் கண்ணுக்குத் தெரியாத தூரம்வரை சிதறும். செம்புத் தோட்டா என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கிண்டிக்காரன்

நம்ம ஊரில் ஐஐடி வாசலில் நின்று பார்த்த மான் அது. புள்ளியோடு ஒரு குட்டி சாலையோரம் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதைச் சுட்டுக் கோலா உருண்டையா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எதற்கு இருக்கிறது?

சீடர்வெட்டி

கிண்டி சார், அந்தச் சட்டம் அதன் சொந்த மண்ணில் அதைக் காக்கிறது, காக்கவும் வேண்டும். இங்கே அது வந்தேறி. சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை, புலி இல்லை. அந்தமானுக்கும் புள்ளிமான் வெளியிலிருந்து கொண்டுபோனதுதான். அங்கேயும் காட்டில் இளங்கன்று தலையெடுக்க முடியாமல் தின்றுகொண்டிருக்கிறது. டெக்சஸ் சட்டம் இதை உள்ளூர் விலங்காகவே எண்ணவில்லை. சீசன் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, டேக் (சுட்ட மானில் கட்டும் உரிமச் சீட்டு) இல்லை. வேட்டை உரிமமும் நிலத்துக்காரர் சம்மதமும் போதும். வைட்டெயில் அப்படி அல்ல. பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். சுட்ட உடனே டேக்கில் தேதி வெட்ட வேண்டும், உரிமத்தின் பின்னால் பதிய வேண்டும், கிடாவா பெட்டையா என்பதற்கு அத்தாட்சி கூடவே இருக்க வேண்டும். எத்தனை என்பது கவுன்டிக்குக் கவுன்டி மாறும்.

மேடினா, உங்கள் பிரச்சினை ஃபீடரில் இல்லை. மக்காச்சோளத்தில் புரதம் 7 முதல் 9 சதவீதம்தான். அது மானைக் கூப்பிடும், வளர்க்காது. நிஜமான போட்டி புல்லுக்கு வெளியே நடக்கிறது. ஆக்சிஸ் முதலில் புல் தின்னும். புல் தீர்ந்தால் சிறு பச்சிலைச் செடிகளுக்கும், பிறகு மரத் தழைக்கும் தாவும். வைட்டெயிலுக்குப் புல் செரிக்காது, அந்தச் செடியும் தழையும்தான் அதற்குச் சோறு. ஒருவருக்கு இரண்டு கடை, இன்னொருவருக்கு ஒரே கடை. டெக்சஸ் அரசின் கெர் வனவிலங்கு நிலத்தில் 1971-ல் 96 ஏக்கர் அடைப்புக்குள் ஆறு வைட்டெயிலும் ஆறு சிகா மானும் விட்டார்கள். சிகாவும் ஆக்சிஸ் மாதிரிப் புல்லுக்கும் போகும் இனம். 1979-ல் சிகா 62, வைட்டெயில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் நிலத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மரமே சொல்லும். ஸ்பானிஷ் ஓக், ஹேக்பெரி, கிட்னிவுட் இவற்றை மான் முதலில் தின்னும். லைவ் ஓக் இரண்டாம் ரகம். சீடர் (ஜூனிப்பர் மரம்), அகரிட்டா, பெர்சிம்மன் கடைசி. லைவ் ஓக்கில் நாலரை அடி உயரத்துக்குக் கீழே கத்தரித்த மாதிரி தழையே இல்லை என்றால் மான் அதிகம். சீடரிலேயே அந்தக் கோடு தெரிந்தால் நிலம் பட்டினியில் இருக்கிறது.

எண்ணாமல் சுடாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, ஒரே பாதையில், மெதுவாக, இரண்டு பக்கமும் விளக்கு. வண்டியில் துப்பாக்கி கூடாது, கேம் வார்டனுக்கும் (வேட்டைச் சட்ட அதிகாரி) அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்தில் ஒரு மைலுக்கு ஒரு தடவை இரு பக்கமும் எத்தனை கஜம் மான் தெரியும் என்று குறியுங்கள். சராசரி அகலம் 100 கஜம், பாதை 4 மைல் என்றால் 4 × 1760 × 100 ÷ 4840, ஏறக்குறைய 145 ஏக்கர். அதில் 15 மான் கண்டால் சுமார் பத்து ஏக்கருக்கு ஒன்று. ஒரே இரவை நம்பாமல் மூன்று இரவு எடுத்துச் சராசரி பாருங்கள். ஆக்சிஸுக்கு இந்தக் கணக்கு துள்ளும். கூட்டமாகத் திரிவதால் ஒரு இரவு முப்பது, மறு இரவு பூஜ்யம்.

எண்ணியபின் யாரைச் சுடுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 30 அங்குலக் கொம்பு கிடாவுக்கு வேட்டைக்காரர்கள் காசு கொடுப்பார்கள், அதனால் கிடா போகும், பெட்டை தங்கும். ஒரு கிடா போனால் அந்த வேலையை இன்னொன்று செய்யும், எண்ணிக்கை அசையாது. ஆக்சிஸ் பெட்டை ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான், ஆனால் அதற்குக் காலம் கிடையாது. குட்டிகள் அதிகம் பிறப்பது ஜனவரி முதல் ஏப்ரல்வரை. ஆகவே பெட்டையைக் குறைக்க ஆகஸ்ட் முதல் நவம்பர் நல்ல நேரம், குட்டிகள் பால் மறந்திருக்கும். மடி தொங்குகிறதா என்று பின்பக்கமிருந்தும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எச்1பி_ஆஸ்டின்

சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. துப்பாக்கிக் கடையில், வாங்குபவர் நிரப்ப வேண்டிய படிவம் 4473 நீட்டினார்கள். குடியேற்றமில்லா விசாவா என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. எச்1பி (வேலை விசா), எஃப்1 (மாணவர் விசா) ஆட்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர் நிலத்தில் ‘சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்’ என்றாலும் அதே சட்டம்தான். டெக்சஸ் உரிமம் ஆகஸ்ட் 31-ல் முடியும், அன்றோடு விலக்கும் முடியும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயம்.

வரிக்கணக்கு

நிலம் வாங்கிய ஒருவர் கலந்தாய்வில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: ‘ஆக்சிஸ் வளர்க்கிறேன், வனவிலங்கு மதிப்பீட்டில் சொத்து வரி குறையும்தானே?’ குறையாது. அந்த மதிப்பீடு உள்ளூர் விலங்குக்கு மட்டும். முந்தைய ஆண்டே விவசாய மதிப்பீடு இருந்திருக்க வேண்டும். அதோடு ஏழு வேலைகளில் குறைந்தது மூன்றை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்: வாழிடப் பராமரிப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, கொன்றுண்ணிக் கட்டுப்பாடு, தண்ணீர், தீவனம், மறைவிடம், கணக்கெடுப்பு. சீடர்வெட்டி சொன்ன இரவுக் கணக்கு இதில் ஒன்று. தேதி, பாதை, எண்ணிக்கை எழுதிய தாளைப் பத்திரமாக வையுங்கள்.

அவர் பேருக்கு ஏற்ப எல்லாரும் சீடர் வெட்டக் கிளம்ப வேண்டாம். செங்குத்தான சரிவில் விட்டுவையுங்கள், மண் போய்விடும். கிழட்டுச் சீடரின் பட்டையை உரித்துத்தான் பொன்கன்ன வார்ப்ளர் கூடு கட்டுகிறது, அழியும் நிலையில் உள்ள பறவை. பிப்ரவரி முதல் ஜூன் முடிய ஓக் மரத்தில் கத்தி படக் கூடாது, ஓக் வாடல் நோய் பரவும் காலம். தவறிப் பட்டால் உடனே பெயின்ட் அடியுங்கள்.

மேடினாக்கரை

கிண்டி சாருக்கு ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரிப் பனிக்குப் பிறகு வேலியோரம் வரிசையாகக் கிடந்தவை எல்லாம் ஆக்சிஸ்தான். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி. வைட்டெயில் அநேகமாகத் தாங்கிக்கொண்டது. அதைப் பார்த்து ‘இனி தொல்லை இல்லை’ என்றவர்களும் உண்டு. பெட்டைகள் மிஞ்சிய இடங்களில் திரும்பப் பெருகிவிட்டன.

சீடர்வெட்டி, வயது எப்படிப் பார்ப்பது? சுட்டபின் தாடையைச் சொல்கிறேன்.

சீடர்வெட்டி

வைட்டெயில் என்றால் கீழ்த்தாடையில் முன்னிருந்து மூன்றாவது கடைவாய்ப் பல். அதில் மூன்று முகடு இருந்தால் ஒன்றரை வயதோ அதற்குக் கீழோ. இரண்டு முகடு என்றால் அதைத் தாண்டியது. அதற்குப் பிறகு நான்காவது பல்லில் பழுப்புக் கோட்டையும் அதை ஒட்டிய வெள்ளைக் கோட்டையும் ஒப்பிடுங்கள். பழுப்பு அகலமாகிவிட்டால் இரண்டரைக்கு மேல். இந்த அட்டவணையை ஆக்சிஸுக்கு அப்படியே போடாதீர்கள். தாடையைக் கொதிக்கவைக்காமல் உப்புத் தடவிக் காயவைத்து, தேதியும் எடையும் எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்த ஆண்டுத் தாடையோடு வைத்துப் பார்க்க உதவும்.

கூலர்_மாமா

உப்புக்கு முன்னால் நாக்கை வெட்டி எடுங்கள். அது தனிக் குழம்பு.