புதுப்பிப்பு: பயணத்தில் மலிவான மொபைல் இணையம், இ-சிம் கைகொடுத்தது

வெளிநாட்டில் ரோமிங் கட்டணம் இல்லாமல் மொபைல் இணையம் பெற என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பயண இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம்) வாங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது.

முதலில் *#06# அழுத்திப் பார்த்தேன். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு, இ-சிம்முக்கான அடையாள எண்ணான ஈஐடியும் வந்தது, அதாவது போன் இ-சிம்மை ஏற்கும். கிளம்பும் முன்பே வைஃபையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நிறுவினேன். அங்கே நெட்வொர்க்கைப் பிடித்த பிறகுதான் என் திட்டத்தின் நாள் கணக்கு தொடங்கியது. எல்லாத் திட்டமும் அப்படி இல்லை, வாங்கும்முன் படித்துவிடுங்கள்.

இறங்கியதும் சிக்னல் முழுசாக இருந்தும் இணையம் வரவில்லை. இங்கே ஒருவர் எழுதியிருந்தபடி இ-சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்தேன், உடனே வந்துவிட்டது. பழைய சிம்மில் அது ஆஃப்தான். ஆனால் சிம்மைக் கழற்றவில்லை, வங்கி ஓடிபி அதில்தானே வரும்!

எதிர்பாராதது ஒன்று: இணையதளங்கள் நான் வேறொரு நாட்டில் இருப்பதாக நினைத்து அந்த மொழியில் திறந்தன. இ-சிம் தரும் நிறுவனத்தின் நாட்டு வழியாக டேட்டா சுற்றிவருவதுதான் காரணம். மேப் மட்டும் ஜிபிஎஸ் பார்த்துச் சரியான இடத்தையே காட்டியது. அப்புறம், லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட்டும் தடையில்லாமல் கிடைத்தது.