அழுத்தத்தைக் குறைத்ததும் எச்சிஎன் (ஹைட்ரஜன் சயனைடு) வாயுவின் உறிஞ்சல் கோடு காணாமல் போகிறது, ஏன்?
(அலைநீளம், வெற்றிடம், கோடுபார்ப்பவன் மூன்றும் பேசுபவர்களின் புனைபெயர்கள்)

அலைநீளம்:
டைம்-டொமைன் டெராஹெர்ட்ஸ் கருவி (குறுந்துடிப்பை நேரவாரியாக அளந்து நிறமாலை எடுப்பது), டிலே ஸ்டேஜ் (ஒளிப்பாதையின் நீளத்தை மாற்றும் மேடை) 15 செ.மீ. நகரும். 1 மீட்டர் செல்லில் (வாயுவை நிரப்பும் குழாய்) நைட்ரஜனோடு 10 பிபிஎம் ஹைட்ரஜன் சயனைடு. வளிமண்டல அழுத்தத்தில் 620 கிகாஹெர்ட்ஸ் பக்கம் சின்னதாக ஒரு பள்ளம் தெரிகிறது. கோடு கூர்மையாகட்டும் என்று 30 பாஸ்கலுக்கு இறக்கினால் ஒன்றுமே இல்லை. செல் கசிகிறதா?

வெற்றிடம்:
கசிவெல்லாம் இல்லை. 15 செ.மீ. ஸ்டேஜ் என்றால் போய்வர 30 செ.மீ., அதாவது 1 நானோவிநாடி. பிரிதிறன் (பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அதிர்வெண் இடைவெளி) 1 கிகாஹெர்ட்ஸ்தான் வரும். 30 பாஸ்கலில் கோட்டின் அகலமோ சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். கோடு கூர்மையாகத்தான் நிற்கிறது, உங்கள் கருவிக்குத் தெரிவது அதன் பரப்பு மட்டும். பரப்பு மூலக்கூறு எண்ணிக்கையைப் பொறுத்தது. அது இப்போது 3,400-ல் ஒரு பங்கு.

முதலில் பார்த்த பள்ளத்தையும் நம்பாதீர்கள். எச்சிஎன் கோடு 620.304 கிகாஹெர்ட்ஸில் என்றால் நீராவிக்கு 620.701-ல் ஒரு கோடு உண்டு. வளிமண்டல அழுத்தத்தில் அகலம் பல கிகாஹெர்ட்ஸ், இரண்டும் ஒன்றாகிவிடும். எச்சிஎன்னின் மற்ற கோடுகளான 531.716, 708.877 இரண்டிலும் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். செல்லுக்கு வெளியே உள்ள பாதையையும் உலர் நைட்ரஜனால் நிரப்புங்கள்.

அலைநீளம்:
54 மடங்கு மல்டிப்ளையர் செயின் (சிந்தசைசர் தரும் அதிர்வெண்ணை 54 மடங்காகப் பெருக்குவது), ஷாட்கி டிடெக்டர் (டெராஹெர்ட்ஸை உணரும் டயோடு) கிடைக்கும். அதில் எப்படித் தொடங்குவது?

கோடுபார்ப்பவன்:
அதே 30 பாஸ்கல் போதும். சிந்தசைசர் 11.487 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி ஓடட்டும். அதிர்வெண் மாடுலேஷன் (அதிர்வெண்ணைச் சற்றே முன்னும் பின்னும் ஆட்டுவது) கொடுத்து லாக்-இன் பெருக்கியில் இரண்டாம் ஹார்மோனிக்கை, அதாவது ஆட்டும் வேகத்தின் இரு மடங்கில் வரும் சமிக்ஞையை, எடுங்கள். விலகல் (ஆட்டத்தின் வீச்சு) கோட்டின் அரை அகலத்தைப்போல 2.2 மடங்கு, சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: விலகலும் 54-ஆல் பெருகும். சிந்தசைசரில் 3 மெகாஹெர்ட்ஸ் போட்டால் வெளியே 162 மெகாஹெர்ட்ஸ். கோடு அதில் கரைந்துவிடும். போட வேண்டியது 55 கிலோஹெர்ட்ஸ்.

அடுத்த தொல்லை நிலையலை (எதிரொளித்த அலையும் நேர் அலையும் சேர்ந்து உண்டாவது). 1 மீட்டர் செல்லில் ஜன்னல்களுக்கு இடையே 150 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அடித்தளம் ஏறி இறங்கும். டெஃப்ளான் ஜன்னலை ப்ரூஸ்டர் கோணத்தில் (எதிரொளிப்பு மிகக் குறையும் கோணம்), 55 டிகிரி, சாய்த்தால் பெரும்பகுதி அடங்கும். டிடெக்டர் பக்கத்து நிலையலைக்கு, டிடெக்டரை 0.12 மி.மீ. தள்ளி இன்னொரு ஸ்கேன் எடுத்துச் சராசரி போடுங்கள். அது கால் அலைநீளம், மேடு பள்ளமாகி ஒன்றையொன்று அழித்துவிடும்.

வெற்றிடம்:
செல்லை மூடிவைத்து அளக்க வேண்டாம். எச்சிஎன் சுவரில் ஒட்டும், அளவு குறைந்துகொண்டே போகும். வாயு மெதுவாக ஓடியபடியே இருக்கட்டும். பம்பின் வெளியேற்றம் கட்டாயம் ஃப்யூம் ஹூடுக்குள் (வாயுவை வெளியே இழுத்தனுப்பும் பெட்டி). அலைன்மென்ட்டை (கதிரை நேர்ப்படுத்துவது) நைட்ரஸ் ஆக்சைடில் முடித்துவிட்டு அப்புறம் எச்சிஎன் சிலிண்டரைத் திறங்கள்.