உதவி: ஃபோர்க் செய்த பில்லிங் மென்பொருளுக்கு எம்ஐடி உரிமம் போடலாமா?

கல்மண்டபத்தான்:
காசிமேட்டில் மாமா மீன் மொத்த வியாபாரம் செய்கிறார். ஏலத்தில் எடுத்த கூடை, ஐஸ் செலவு, கடன் பாக்கி எல்லாம் நோட்டில்தான். ஈரக் கையோடு புரட்டிப் புரட்டி பாதிப் பக்கம் அழிந்தே போச்சு. அதனால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைத்த ஒரு பில்லிங் மென்பொருளை ஃபோர்க் செய்து (எனக்கென்று நகலெடுத்து), தமிழாக்கி, கூடைக் கணக்கும் சேர்த்தேன். தெர்மல் பிரிண்டர் தமிழைக் கிறுக்கலாகத் துப்பியது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பிச் சமாளித்தேன்.

மூலத்தின் உரிமம் ஜிபிஎல் 3. எம்ஐடி உரிமம் சுருக்கமாக இருக்கிறதே என்று லைசென்ஸ் கோப்பை மாற்றிவிட்டேன். நேற்று மூலத்தை எழுதியவரே "இது தவறு" என்று இஷ்யூ (புகார்ப் பதிவு) போட்டிருக்கிறார். பாதிக்கு மேல் நான் எழுதியதுதானே? இன்னும் நாலு கடைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை_டெவ்:
தப்புதான் தம்பி. ஜிபிஎல் நிரலை மாற்றி வெளியிட்டால் அதே ஜிபிஎல்லில்தான் வெளியிட வேண்டும். வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்தால் பட்டா நம் பேருக்கு மாறுமா? பழைய லைசென்ஸ் கோப்பை அப்படியே மீட்டு வை. அவருடைய பதிப்புரிமை வரிகளைத் தொடாதே, கீழே உன் பெயரையும் ஆண்டையும் சேர். நீ மாற்றினாய் என்பதையும் தேதியோடு குறிப்பிட வேண்டும், ஜிபிஎல் 3 அதைக் கேட்கிறது. முதல் தடவை என்பதால் அவர் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை உனக்குத் திரும்பிவிடும்.

விற்கலாம், தடையில்லை. ஆனால் வாங்குகிறவர் கேட்டால் மூல நிரலும் கிடைக்க வேண்டும்.

கல்மண்டபத்தான்:
வாங்கியவர் பக்கத்துக் கடைக்குச் சும்மா கொடுத்துவிட்டால்?

தண்டையார்பேட்டை_டெவ்:
கொடுக்கலாம், நீ தடுக்க முடியாது. நிறுவித் தருவதற்கும், விடியற்காலை ஏல நேரத்தில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஓடி வருவதற்கும் காசு வாங்கு.

வியாசர்பாடி_அக்கா:
அந்தப் படமாக்கும் நிரல் எங்கிருந்து வந்தது?

கல்மண்டபத்தான்:
ஒரு கோப்பு அப்பாச்சி 2 உரிமம் கொண்ட நிரல் நூலகத்திலிருந்து எடுத்தது. இன்னொன்று வேறொருவரின் ரிப்போவிலிருந்து (நிரல் களஞ்சியம்). அதில் உரிமமே இல்லை, அதனால் இலவசம்தான் என்று நினைத்தேன் அக்கா.

வியாசர்பாடி_அக்கா:
அங்கேதான் சிக்கல். உரிமம் போடவில்லை என்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே. கிட்ஹப்பில் பார்க்கலாம், அங்கேயே ஃபோர்க் பண்ணலாம், அவ்வளவுதான். நானும் பழைய வேலையில் இப்படி ஒரு கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒப்படைப்புக்கு முதல் நாள் ராத்திரி பிய்த்தெடுத்திருக்கிறேன். உரிமம் போடச் சொல்லி அவரிடம் கேள், இல்லையென்றால் நீயே புதிதாக எழுது.

அப்பாச்சி 2 பிழைத்தது. ஜிபிஎல் 3-க்குள் வரலாம், அதன் அறிவிப்புகளை வைத்துக்கொண்டால் போதும். மூலம் ஜிபிஎல் 2 மட்டும் என்றிருந்தால் இரண்டும் ஒட்டாது.

எம்ஐடி ஆசை இருந்தால் முழுக்க நீ எழுதியதை மட்டும் தனி நூலகமாக எம்ஐடியில் வெளியிடு. அதை ஜிபிஎல் மென்பொருளுக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அப்புறம், இந்தத் தமிழ்த் திருத்தத்தை மூலத்துக்கே அனுப்பேன்! சில திட்டங்களில், மாற்றத்தைப் பதியும் கமிட்டில் "சைன்டு ஆஃப் பை" வரி கேட்பார்கள். லினக்ஸ் 2004-இல் கொண்டுவந்த பழக்கம். "இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதிமொழிதான் அது. அந்த இன்னொரு கோப்பு உள்ளே இருக்கும்வரை அதில் கையெழுத்துப் போடாதே.

கல்மண்டபத்தான்:
லைசென்ஸ் கோப்பு மீண்டது, இஷ்யூவையும் மூடிவிட்டார். உரிமமில்லாத கோப்புக்காரரிடமிருந்து பதிலே இல்லை. அதைத் தூக்கிவிட்டு நானே எழுதினேன். ஆனால் ரசீதில் 'ழ' மட்டும் வால் அறுந்து வருகிறது.

வியாசர்பாடி_அக்கா:
படத்தின் உயரத்தில் கீழே நாலு பிக்சல் கூடுதலாக விடு.