வாரத்துக்கு ஒரு நாள் மிருதங்க வகுப்பு, நடுவில் ஆறு நாள் கை படுவதே இல்லை. என்ன செய்யலாம்?

காரைக்குடி லயம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஞாயிறுதோறும் காலை ஏழரையிலிருந்து பத்து வரை பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறேன். தெரிந்தவர் வீட்டு வளவில்தான் வகுப்பு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், இங்கே ஆச்சி மட்டும். வாடகை எல்லாம் வேண்டாம், வீட்டுக்குள் பிள்ளைகள் சத்தம் கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

விஜயதசமிக்குச் சேரும்போது பதினாறு பேர், தை பிறந்ததும் ஒன்பது. அது எல்லா வருஷமும் நடப்பதுதான். என் கவலை இருக்கிற ஒன்பது பேரைப் பற்றி. சின்னவளுக்கு ஏழு வயது, பெரியவனுக்குப் பதின்மூன்று. ஞாயிறு பத்து மணிக்கு 'நம்' என்கிற மிருதங்கச் சொல்லை அழகாக வாசித்துக் காட்டிவிட்டுப் போகிற பிள்ளை அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்தால் மோதிர விரல் கரணையில் (நடுவில் இருக்கிற கருப்பு வட்டத்தில்) படியாமல் அந்தரத்தில் நிற்கிறது, ஆள்காட்டி விரல் மட்டும் மீட்டில் (ஓரத்துத் தோல் வளையத்தில்) விழுந்து டப் டப் என்று தகர டப்பாச் சத்தம். முதல் முக்கால் மணி நேரம் போன வாரத்தைத் தோண்டி எடுக்கவே போய்விடுகிறது. ஆறு பேர் வீட்டில் வாத்தியம் இல்லை. வாங்கச் சொல்லவும் மனசு வரவில்லை, இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டால் பரணில்தானே கிடக்கும். இதற்கு நடுவில் 'மிருதங்க வித்வான் காரைக்குடி மணி பிறந்த ஊராச்சே, நம்ம பையன் எப்ப சார் மேடை ஏறுவான்' என்று கேட்கிற அப்பாக்கள் வேறு.

அப்புறம், ஒன்பது பேரும் சேர்ந்து வாசித்தால் வளவு முழுக்க எதிரொலி. ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை, யார் கை தப்பு என்று பிரம்மாவுக்கே தெரியாது.

இன்னொன்று. ஒரு பையன் இடது கைக்காரன், ஒன்பது வயது. கை நல்ல கை. அவனுடைய ஆச்சி 'இப்பவே கையை மாத்திவிட்டுருங்க' என்கிறார்கள். மாற்றலாமா? வாரம் ஒரு நாள் வகுப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கரை சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

புதுக்கோட்டைப் பெரியவர் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கையை மாற்றாதே. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர்தான். பாடுகிறவருக்கு வலப்பக்கம் மிருதங்கம் உட்கார்ந்தால் வலந்தலை, அதாவது கருப்பு வட்டம் இருக்கிற முகம், சபையைப் பார்த்திருக்கும், இடது கைக்காரருக்கு அது தலைகீழ், வயலின்காரரோடு இடம் மாறி உட்கார வேண்டும். அதனாலேயே அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தயங்கியவர்கள் இருந்தார்கள், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் வைத்துக்கொண்டார். எங்கள் புதுக்கோட்டைப் பாணியில் தட்சிணாமூர்த்தி பிள்ளைக்கு அடுத்து யார் பெயரைச் சொல்கிறோம் என்று அந்த ஆச்சியிடம் எடுத்துச் சொல். தனி வாத்தியமும் வேண்டாம், இருக்கிறதைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. அவனை மட்டும் உனக்கு எதிரே உட்கார வை, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி உன் கையைப் பார்த்து வாசித்துவிடுவான், மற்ற பிள்ளைகளை விடச் சீக்கிரமாகவே பிடித்துக்கொள்வான்.

சரி, ஆறு நாள் விஷயம். நீ விரலுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாய், அங்கேதான் கோளாறு. வாத்தியம் இல்லாத வீட்டில் விரல் எதை வாசிக்கும்? வாய்க்குக் கொடு. ஆதி தாளம் கையில், தகதிமி வாயில். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) இரண்டு தகதிமி, இரண்டாம் காலத்தில் நாலு, மூன்றாம் காலத்தில் எட்டு. காலம் மாறும்போது சொல்தான் ஓடணும், கை ஓடக் கூடாது. பத்துப் பிள்ளைகளில் எட்டுக்குக் கையும் சேர்ந்து ஓடும், அதை வாத்தியத்தில் வைத்துத் திருத்தவே முடியாது, வாயில் திருத்தினால் இரண்டு வாரம். அது நின்றதும் தகிட கொடு. மூன்று எழுத்து தாளத்தின் எட்டு அட்சரத்துக்குள் (எண்ணிக்கைக்குள்) அடங்காமல் மீறிப் போகும், மூன்று ஆவர்த்தனம் முடிந்தால்தான் சமத்தில், அதாவது தாளம் தொடங்குகிற இடத்தில், வந்து விழும். அப்படி விழுகிற இடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார், நீ மிட்டாய் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

எதிரொலிக்கு வழி சுலபம். ஒன்பது பேரையும் ஒன்றாக வாசிக்க விடாதே. ஒருத்தன் வாசிக்கட்டும், எட்டுப் பேர் தாளம் போட்டுச் சொல்லைச் சொல்லட்டும். தப்பு விழுந்தால் உனக்கு முன்னால் அந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. தலையணையில், மேசையில் தட்டிப் பழகச் சொல்லாதே. விரல் கெட்டுவிடும்.

தேவகோட்டை அம்மா எழுதியது:

சார், நான் வாசிக்கிறவள் இல்லை, மூன்று வருஷமாக மகனைக் கூட்டிக்கொண்டு போகிறவள், அந்த உரிமையில் சொல்கிறேன். எங்களைப் போன்ற பெற்றோருக்கு வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்றே தெரியாது. 'பிராக்டீஸ் பண்ணியா' என்று கேட்போம், 'பண்ணிட்டேன்' என்பான், அத்தோடு சரி. என் மகனுடைய வாத்தியார் ஒரு நாள் என்னையும் கீழே உட்கார வைத்து ஆதி தாளம் போடச் சொல்லிக் கொடுத்தார். ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் இரண்டு தடவை தட்டித் திருப்புவது. எனக்கு முப்பத்தெட்டு வயது, முதல் நாள் கடைசித் திருப்பை விட்டுவிட்டு ஏழிலேயே முடித்தேன், என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து ராத்திரி தோசை ஊற்றும்போது அவன் சொல்லுவான், நான் தோசைக் கரண்டியோடு தாளம் போடுவேன். ஐந்து நிமிஷம்தான், ஆனால் தினமும்.

வாத்தியம் வாங்குவது பற்றி ஒன்று. வகுப்புக்குப் பொதுவாக ஒன்று வாங்கிப் போட்டு, வாரம் ஒரு வீடு என்று சுற்றுக்கு விடுங்கள். 22 அங்குலமே வாங்குங்கள் சார், 24 எல்லாம் சின்னப் பிள்ளை காலில் தூங்குமூஞ்சி மாதிரி உருளும். சுருதி சேர்க்கப் போல்ட் வைத்ததாக இருந்தால் வீட்டில் யாரும் கல்லை எடுத்து வாரைத் தட்டிக் கெடுக்க மாட்டார்கள். நாங்கள் அப்படிக் கெடுத்திருக்கிறோம்.

குன்றக்குடி தவில் எழுதியது:

பெரியவர் சொன்னதில் தொண்ணூறு பங்கு சரி, தலையணை மேட்டரில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மன்னிக்கணும். எங்கள் அப்பா எனக்கு முதல் ஆறு மாதம் தவிலைத் தொடவே விடவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு பழைய கதவுப் பலகை, அதில் பூவரசங்கழியை வைத்து இடது கைக்கு மட்டும் விடியக்காலைச் சாதகம். வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டியதே அதற்கப்புறம்தான். விரல் கெடவில்லை, மணிக்கட்டு விழுந்தது. மிருதங்கத்தில் 'நம்' மாதிரி நாதம் பார்த்து வைக்கிற சொல்லைப் பலகையில் பழகக் கூடாதுதான், அது உண்மை. ஆனால் சும்மா இரண்டு கையும் மாறி மாறி ஒரே எடையில் விழுவதற்குத் தொடை போதும், தலையணையும் போதும். ஒன்றுமே செய்யாமல் ஆறு நாள் போவதற்கு இது மேல் இல்லையா?

புதுக்கோட்டைப் பெரியவர் எழுதியது:

தவில் கை வேற, மிருதங்கக் கை வேற. தொடையில் வேண்டுமானால் தட்டட்டும். தலையணை கிடையாது.

காரைக்குடி லயம் எழுதியது:

நாலு வாரம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஒருத்தர் வாசிக்க மற்றவர்கள் சொல்கிற ஏற்பாடு முதல் ஞாயிறே பிடித்துக்கொண்டது. வளவில் ஒரு பழைய பெண்டுலக் கடிகாரம் இருக்கிறது, ஆச்சி இன்னும் சாவி கொடுத்து ஓட்டுகிறார்கள். அந்த ஏழு வயசுப் பிள்ளை யாரும் சொல்லாமலே பெண்டுலத்தைப் பார்த்துத் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள், மூன்றாம் காலத்தில் கை ஓடாத ஒரே ஆள் இப்போது அவள்தான். செல்போனில் மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன், பிள்ளைகள் அதை மதிக்கவில்லை, கடிகாரத்தை மதிக்கிறார்கள்.

இடது கைப் பையனை எதிரே உட்கார வைத்தேன். பழனி பிள்ளை விஷயத்தை அவன் ஆச்சியிடம் சொன்னதற்கு, 'அவுக பெரியவுக, இவன் சோறும் இடது கையில திம்பான், அதைக் கேளுங்க' என்கிறார்கள். சோறு என் பாடத்தில் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

பெற்றோருக்குத் தாளம் சொல்லிக் கொடுத்ததில் ஒன்பது வீட்டில் ஐந்து வீடுதான் வந்தது. வந்த ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் மற்ற நாலு பேருக்கும் இப்போதே வித்தியாசம் தெரிகிறது, மறைப்பானேன். முக்கால் மணி நேரத் தோண்டல் இருபது நிமிஷமாகக் குறைந்திருக்கிறது. 'நம்' மட்டும் இன்னும் பாதிப் பேருக்கு டப்பாதான், அதற்கு வாத்தியம் வீட்டுக்குப் போனால்தான் வழி.

சுற்று மிருதங்கம் போன வாரம்தான் முதல் வீட்டுக்குப் போனது, மொபெட்டில் கட்டிக்கொண்டு கோட்டையூர் வரை. திரும்பி வந்தபோது தொப்பியில் (மிருதங்கத்தின் மறு முகத்தில்) நாதத்துக்காக அப்புகிற ரவை அப்படியே காய்ந்து பாறையாக இருந்தது, சுற்றிலும் எறும்பு. தோல் வேறு புதுசு. ரவைக்குப் பதில் கோதுமை மாவு அப்பிக் கொடுத்தால் தேவலையா?

குன்றக்குடி தவில் எழுதியது:

அண்ணே, எறும்புக்கு ரவை என்ன, மாவு என்ன, இரண்டும் விருந்துதான். வாசித்து முடித்த கையோடு வழித்து எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைக்கணும், அது ஒரு நிமிஷ வேலை. காய்ந்த பிறகு கத்தியை மட்டும் வைத்துவிடாதீர்கள், தண்ணீர் தொட்டு ஊற விட்டு விரலால் எடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது உறையிலேயே ஒரு துணியும் போட்டு அனுப்புங்கள்.

தேவகோட்டை அம்மா எழுதியது:

துணியை அம்மா கையில் கொடுங்கள் சார், பையன் கையில் கொடுத்தால் அது உறைக்குள்ளேயே இருக்கும்.