கூண்டுத் தேவாங்கைக் காட்டில் விடலாமா?

சிப்பூட்காரன்:
எங்க லயத்துல பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு தேவாங்கு வச்சிருக்காரு. மலாய்க்காரங்க கொங்காங்னு சொல்வாங்களே, அதான். ஃபேஸ்புக்ல எவனோ வித்தது. இப்ப சட்டத்தை நினைச்சு அவருக்கே பயம். சுங்கை சிப்பூட்ல இருந்து லாசா பக்கம் போனா காடு. ராத்திரியோட ராத்திரியா விட்டுட்டு வந்துரலாம்னு நான் சொல்றேன். சரிதானே?

லாடாங் ராணி:
தம்பி, முதல்ல அது வாயைப் பாருங்க. கடிச்சிடும்னு விக்கிறவனுங்க நகவெட்டியாலயே முன்பல்லை நறுக்கிடுவானுங்க, மயக்க மருந்தெல்லாம் கிடையாது. அந்தக் கீழ்ப்பல்லாலதான் அது மரப்பட்டையைக் கீறிப் பிசின் எடுக்கும். பல் இல்லாததைக் காட்டுல விட்டா பட்டினிதான். பெர்ஹிலித்தான்கிட்ட, அதான் வனவிலங்குத் துறைகிட்ட, ஒப்படைச்சிடுங்க.

முனியாண்டி பேரன்:
வந்துட்டாங்கய்யா! பல்லு போனா ஆயுசு முழுக்கக் கூண்டா? அரசாங்கக் கம்பின்னா இனிக்குமா? எங்க தாத்தா காலத்துல வீட்டுக்குள்ள வந்த உடும்பு, மூசாங் (மரநாய்) எல்லாத்தையும் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வருவாங்க. ஒண்ணும் ஆகல.

லாடாங் ராணி:
ஒண்ணும் ஆகலன்னு யாரு திரும்பப் போய்ப் பார்த்தா? அதோட, அந்த உடும்பு நேத்து வரைக்கும் தானா இரை தேடினது. ஜாவாவுல தேவாங்குக்கு ரேடியோ பட்டை கட்டி விட்டுப் பின்னாலயே போய்ப் பார்த்திருக்காங்க. வைத்தியம் பார்த்து, பழக்கி விட்டதுலயே பல செத்துப்போச்சு. நீங்க சாக்குல கட்டிக் கொண்டுபோய் விடுறது எம்மாத்திரம்? மனுஷன்கிட்ட ஒட்டின நோயையும் காட்டுக்குக் கொண்டுபோகும். வாங்கினது சுமத்ராவுல பிடிச்சதா, போர்னியோவா, அதுவும் தெரியாது. போர்னியோவுல இருக்கிறது வேற இனம்.

பழைய தண்டல்:
பழைய ரப்பர் மரத்தைச் சாய்ச்சுச் செம்பனை நட்டப்ப நான் ஒண்ணைப் பார்த்திருக்கேன் லா. கிளை முனை வரைக்கும் வந்துச்சு. ஒரு கையை நீட்டுது, அடுத்த கிளை எட்டல, மெதுவாக் கையை மடக்கிக்குது. திரும்ப நீட்டுது. அதுக்குத் தாவத் தெரியாது, பேரா. கிளையோட கிளை தொடணும், இல்லன்னா தரையில இறங்கணும். தரையில லயத்து நாய்ங்க, ரோட்டுல லோரி. அதனால எந்தக் காடு, எவ்வளவு அடர்த்தின்னு பார்க்காம விடக்கூடாது.

முனியாண்டி பேரன்:
அதான் தாத்தா, நானும் தோட்டத்துல விடச் சொல்லல, காட்டுலதான் விடச் சொல்றேன். பெர்ஹிலித்தானுக்குப் போன் அடிச்சா அந்த மனுஷனைத்தானே பிடிப்பாங்க? 2010 வனவிலங்குச் சட்டத்துல இது முழுப் பாதுகாப்புல இருக்கு. 2022-ல தண்டனையை வேற ஏத்திட்டாங்க. தோட்டச் சம்பளத்துல அபராதம் கட்ட முடியுமா? வித்தவன் இன்னும் ஆன்லைன்லதான் இருக்கான்.

லாடாங் ராணி:
நியாயமான கேள்விதான். வித்தவனோட பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுங்க, தானா முன்வந்தேன்னு எழுதிக் கொடுங்க. மன்னிச்சு விடுவாங்களா, எனக்குத் தெரியாது. அதுக்காக ஆதாரத்தைக் காட்டுல போட்டா, சாகிறது அதுதான். இன்னொண்ணு, அது கையைத் தூக்கினா கொஞ்சுதுன்னு கிட்டப் போகாதீங்க. முழங்கை உள்பக்கத்துச் சுரப்பியை நக்கிட்டுக் கடிச்சா விஷம்.

சிப்பூட்காரன்:
டார்ச் அடிச்சுப் பார்த்தோம். கீழ்ப்பல் மொட்டை, ஒரு பக்கம் ஈறு வீங்கியிருக்கு. காலையில ஆபீஸ் திறந்ததும் போன் பண்றேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. பேரு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் முழிக்கிறாரு.

முனியாண்டி பேரன்:
என் பேரைச் சொல்லிடாதீங்க லா.