இதயத்துடிப்பை எண்ணச் சொன்னார்கள்: ஃப்ரீலான்ஸர்களிடம் நடத்திய ஆய்வில் உங்களுக்கு என்ன நடந்தது?

கோட்டோவியன்:

ஆறு மாதமாக யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. தனியாக வேலை பிடித்துச் செய்பவர்கள் தங்கள் உடம்பை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு. நான் படம் வரைபவன். வேலை வராத வாரம் அது, சரி போவோம் என்று போய்விட்டேன். விரலில் ஆக்ஸிமீட்டர், கண் மூடி, நாடியைத் தொடாமல் துடிப்பை எண்ண வேண்டும். இங்கே பாதிப்பேர் செய்திருப்பீர்கள், விளக்கவில்லை.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாற்காலி தெரிந்தது, ஏசியின் சத்தம் தெரிந்தது, அனுப்பாமல் கிடக்கும் இன்வாய்ஸ் ஞாபகம் வந்தது. துடிப்பு மட்டும் இல்லை. ஆனால் என் கைக்கடிகாரம் தினமும் காலையில் 68 என்று காட்டும். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், அதனால் துடிப்புக்குப் பதில் விநாடியை எண்ணினேன். 45 வந்தது. 68-இல் முக்கால் பங்கு 51. "ஐம்பத்தொன்று" என்றேன்.

உறுத்துவது அதற்கு அடுத்த நிமிடம். திரையில் ஒரு கோடு. இடது முனையில் 'வெறும் ஊகம்', வலது முனையில் 'முழு நம்பிக்கை'. நான் எவ்வளவு உறுதியாக இருக்கிறேன் என்று அந்தக் கோட்டில் குறிக்க வேண்டும். கை தானாக வலது பக்கம் போனது. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கிளையண்ட் கேட்டால் யோசிக்காமல் "முடியும்" என்று வாய் சொல்லுமே, அந்த வாய்க்குத் தம்பி இந்தக் கை. எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் "ரொம்பத் துல்லியமாக எண்ணியிருக்கிறீர்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரைவரி:

எனக்கு நடந்தது போனில். ஒரு வாரம், நாளுக்கு ஆறு தடவை, எப்போது வரும் என்று தெரியாது. டிங். "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? உடம்பில் என்ன உணர்கிறீர்கள்?" நான் சப்டைட்டில் போடுபவள். நான்கு நாளும் இரண்டாவது கேள்விக்கு "ஒன்றும் இல்லை" என்றே போட்டுக்கொண்டிருந்தேன். பொய் இல்லை, நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் இரவு பதினொன்றே கால். காலையில் கொடுக்க வேண்டிய கோப்பு. ஒரு பாத்திரம் பேசி முடித்த பிறகும் வரி நான்கு ஃபிரேம் கூடுதலாக நிற்கிறது, அதை வெட்டிக்கொண்டிருக்கிறேன். டிங். வழக்கமான பதிலைத் தட்டப் போன விரல் நின்றுவிட்டது. இடது கால் தொடைவரை மரத்துக் கிடந்தது. தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது, எப்போதிலிருந்து என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஒரு விநாடிக்கு முன்னால் இவற்றில் எதுவும் எனக்கு இல்லை.

இவ்வளவையும் எழுத வேண்டுமே என்று சோம்பலாக இருந்தது. "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டு, அந்த நான்கு ஃபிரேமை வெட்டி முடித்தேன். அப்புறம்தான் எழுந்தேன்.

நிலைகாட்டி:

நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். எனக்கு ரப்பர் கை. மேசைமேல் ரப்பர் கை, என் நிஜக் கை தடுப்புக்குப் பின்னால். இரண்டையும் ஒரே தாளத்தில் தூரிகையால் வருடினார்கள், கொஞ்ச நேரத்தில் ரப்பர்தான் என் கை என்று தோன்றிவிட்டது. 1998-இலேயே செய்து காட்டிய சோதனை. அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதிய இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் உடம்பைக் கேட்கப் பழகவே இல்லை. முதலில் 25 நிமிடத்துக்கு ஓர் அலாரம் வையுங்கள். அடித்ததும் எழுந்து நின்று, பாதத்திலிருந்து தலைவரை ஒரு சுற்று கவனித்துவிட்டு உட்காருங்கள். இரண்டாவது, எந்த வேலைக்கும் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றில் கை வைத்து மூன்று மூச்சு விடுங்கள், வயிறு இறுகினால் அந்த வேலை வேண்டாம். மூன்றாவது, மணிக்கணக்கைக் குறித்து வையுங்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டிருக்கின்றன. நமக்கு யாரும் வருகைப் பதிவேடு வைப்பதில்லை, நாம்தான் வைக்க வேண்டும். நான்காவது, இதில் காசும் இருக்கிறது. லண்டனில் ஹெட்ஜ் ஃபண்ட் எனும் முதலீட்டு நிதிக்காகச் சந்தையில் வாங்கி விற்கும் டிரேடர்களைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். துடிப்பைச் சரியாக உணர்ந்தவர்கள் அதிக லாபம் பார்த்தார்கள், அந்தத் தொழிலில் அதிக வருடம் தாக்குப்பிடித்தார்கள். உடம்பைக் கேட்டால் நம் வருமானமும் கூடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தூங்கும் முன் பத்து நிமிடம் துடிப்பை எண்ணிப் பழகுங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

திரைவரி:

தம்பி, நான் யோசனை கேட்கவில்லை. அந்த டிங்கும் ஓர் அலாரம்தான். அதற்கு நான் என்ன செய்தேன் என்று எழுதியிருக்கிறேனே, படித்தீர்களா?

மறுபக்கம்:

நான் இரண்டு வருடம் இந்தச் சோதனையை நடத்தும் பக்கத்தில் இருந்தேன், அதனால் கொஞ்சம் குறுக்கிடுகிறேன்.

நிலைகாட்டி சொன்ன டிரேடர் ஆய்வு உண்மைதான். ஆனால் அதில் இருந்த டிரேடர்கள் 18 பேர், அத்தனை பேரும் ஆண்கள். உணர்ந்ததால் நிலைத்தார்களா, நிலைத்ததால் உணரப் பழகினார்களா என்று அந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. அதிலிருந்து சப்டைட்டில் போடுபவருக்கு வருமானம் கூடும் என்று தாவுவது கொஞ்சம் அதிகம். வயிறு இறுகினால் வேலையை மறுக்கச் சொல்வதும் அப்படித்தான். இரண்டு மாதம் வேலை இல்லாதவருக்கு எல்லாவற்றுக்கும் வயிறு இறுகும்.

கோட்டோவியன், உங்களைப் போல எண்ணுபவர்கள் ஏராளம். இந்த முறை 1981-இல் ஷாண்ட்ரி என்ற ஜெர்மன் உளவியலாளர் கொண்டுவந்தது, அதன்மேல் பழைய குற்றச்சாட்டே இதுதான். தன் துடிப்பு நிமிடத்துக்கு எவ்வளவு என்று தெரிந்தவன், ஒன்றையும் உணராமலே நல்ல மதிப்பெண் வாங்கலாம். "ஊகிக்காதீர்கள், உண்மையில் உணர்ந்ததை மட்டும் சொல்லுங்கள்" என்று ஒரு வாக்கியத்தை மாற்றிப் பார்த்து, மதிப்பெண்கள் சரிந்ததை 2018-இல் பெல்ஜியத்தில் ஒரு குழு வெளியிட்டது. 2015-க்குப் பிறகு நாங்கள் மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். எவ்வளவு சரியாக எண்ணுகிறீர்கள், உங்களால் முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், அந்த நம்பிக்கை நிஜத்தோடு ஒத்துப்போகிறதா. நீங்கள் மூன்றையும் ஒரே இருப்பில் கெடுத்துவிட்டீர்கள். கோபத்தில் சொல்லவில்லை.

என்னை உறுத்துவது வேறு. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பவர் ஒருவர் வந்தார். எண்ணத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், அடிப்படை அளவுக்காக. போன் கிடையாது, படிக்க எதுவும் கிடையாது. முதல் நிமிடம் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது நிமிடம் கண் கதவுப் பக்கம் போய் வந்தது. மூன்றாவது நிமிடம் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. என் திரையில் துடிப்பு 84-இலிருந்து மெதுவாக இறங்கி 61-இல் நின்றது. விதிப்படி நான் உடனே எழுப்ப வேண்டும். எழுப்பவில்லை. அடுத்தவர் வந்து கதவைத் தட்டும்வரை விட்டுவிட்டேன்.

விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த நேரத்துக்கும் பணம் உண்டா?" உண்டு என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார்.

அவர் போனதும் அவருடைய வரிசைக்கு நேராக 'விலக்கப்பட்டது' என்று எழுதினேன். வேறு வழியில்லை, தூங்கியவரின் அளவை வைத்துக்கொள்ள முடியாது. ஃப்ரீலான்ஸர்களின் களைப்பைப் பற்றிய ஆய்வு அது. நான் பார்த்ததிலேயே அதிகம் களைத்தவர் அதில் இல்லை.

முற்றுப்புள்ளி:

இங்கே எல்லோரும் உணராததைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு அது நேர் எதிர். நான் பிழைதிருத்துபவள். கையில் வேலை இருக்கும்போது ஒன்றும் இல்லை. வேலை வராத வாரங்களில் படுத்தால் காதுக்குள் துடிப்பு, கழுத்தில் துடிப்பு, தலையணைக்கு அடியில்கூடத் துடிப்பு. நிலைகாட்டி சொல்லும் பத்து நிமிடப் பயிற்சியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

எனக்கு வந்தது நீளமான கேள்விப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மூச்சு எப்போது வேகமாகிறது என்று கவனிக்கிறீர்களா, வலி வந்தால் வேறு எதிலாவது மனதைத் திருப்புவீர்களா, அந்த மாதிரி. கடகடவென்று போனேன். கடைசிப் பக்கத்தில், என் உடம்பு எனக்குப் பாதுகாப்பான இடம் என்று உணர்கிறேனா என்று ஒன்று இருந்தது.

பிழைதிருத்தும் பழக்கத்தில் முதலில் அந்த வாக்கியத்தைத்தான் குற்றம் பார்த்தேன். 'இடம்' என்ற சொல் சரியில்லை, மொழிபெயர்ப்பு நெருடுகிறது என்று. அப்புறம் கர்சர் அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது. காலியாக விட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன், பதில் தராமல் பக்கம் நகராது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. 3 போட்டேன். நான் எதற்கும் 3 போடுகிற ஆள் இல்லை.

நிலைகாட்டி:

நல்லது சொன்னாலும் குற்றமா? சரி, இனி எழுதவில்லை. ஆனால் 25 நிமிட அலாரம் எனக்கு உதவியது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கழுத்து வலிக்கு ஒரு வருடம் வைத்தியம் பார்த்தவன் நான். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

திரைவரி:

அதைத்தான் எழுதியிருக்க வேண்டும் தம்பி. கழுத்து இப்போது எப்படி இருக்கிறது?

நிலைகாட்டி:

பரவாயில்லை அக்கா. இடது பக்கம் திரும்பினால் மட்டும்.

கோட்டோவியன்:

மறுபக்கம் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அந்த ஆய்வுக் குழுவுக்கு மெயில் போட்டேன். நான் துடிப்பை எண்ணவில்லை, விநாடியை எண்ணிக் கணக்குப் போட்டேன், கோட்டிலும் பொய்யாகக் குறித்தேன், என் தரவை எடுத்துவிடுங்கள் என்று.

இன்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். பெயர்களை நீக்கி எண்களாக மாற்றியாகிவிட்டதாம், எந்த வரிசை என்னுடையது என்று இனி அவர்களாலும் கண்டுபிடிக்க முடியாதாம். ஒப்புதல் படிவத்திலேயே அது இருந்ததாம். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடைசியில், இதே ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு ஆள் தேடுவதாகவும் வர விருப்பமா என்றும் கேட்டிருந்தார்கள். "வருகிறேன்" என்று பாதி தட்டிவிட்டு, டிராஃப்டில் வைத்திருக்கிறேன்.