பள்ளிக்குப் பின்புறத்து மனை: பவர் பத்திரத்தை நம்பிப் பணம் அனுப்பலாமா?

அன்புள்ள ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

நூலகம் கட்டுவதற்காகப் பள்ளிக்குப் பின்புறம் உள்ள மச்சு வீட்டு மனையை வாங்க, ஆளுக்கு இருபத்தையாயிரம் ரூபாயை இம்மாத இறுதிக்குள் அனுப்பும்படி நம் சங்கச் செயலாளர் அண்ணன் எழுதியிருந்தார். நூலகம் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திருவிழாவுக்குப் போயிருந்த என் தங்கை, உரிமையாளர்கள் சார்பில் மனையை விற்க அதிகாரப் பத்திரம் (பவர்) பெற்ற முகவராக, அதாவது பவர் ஏஜென்டாக இருக்கும் தம்பியிடம் பத்திர நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தியைக் கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த மனை மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் இரண்டு பெரியம்மாக்களுக்கும் தகப்பனார் வழியில் வந்தது. விற்கும் அதிகாரத்தை இருவரும் சேர்ந்தே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூத்த பெரியம்மா போன தை மாதம் காலமாகிவிட்டார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துபோகிறது. சொத்தில் முகவருக்கே சொந்த உரிமை இருந்தால்தான் 202ஆம் பிரிவு அதைக் காப்பாற்றும். தம்பியோ மனையைப் பார்த்துக்கொள்ள வைக்கப்பட்டவரே தவிர, பணம் கொடுத்து உரிமை பெற்றவர் அல்லர். ஆகவே மூத்தவரின் பாதி இன்று அவருடைய பிள்ளைகள் மூவருக்கும் உரியது. அவர்கள் கையெழுத்து இல்லாமல் எழுதப்படும் கிரையப் பத்திரத்தால் அந்தப் பாதி சங்கத்துக்கு வராது.

இறப்பு தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கினோம் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம் எனச் சிலர் தனியே எழுதியிருக்கிறார்கள். அறியாமல் நடந்துகொண்ட மூன்றாம் தரப்பினருக்கு 208ஆம் பிரிவில் ஓரளவு இடம் உண்டு. ஆனால் மூத்த பெரியம்மாவுக்கு இதே குழுவில்தான் நாம் ஒருவர்பின் ஒருவராக இரங்கல் எழுதினோம். செயலாளர் அண்ணன் எழுதியதும் அதில் இருக்கிறது. நமக்குத் தெரியாது என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது?

பத்திரம் கேட்பது மச்சு வீட்டாரை அவமதிப்பதாகும் என்று துபாய் மாமா வருந்தியிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் மேல் அவருக்கு உள்ள மரியாதை எனக்கும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த அந்த வீட்டுப் பெரியவர், வாய்வார்த்தையோடு நிற்காமல், தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தே கொடுத்தார்; அதனால்தான் கிணற்று விவகாரம் அவ்வளவு முற்றியபோதும் பள்ளி நிலத்தின்மேல் எவரும் கைவைக்க முடியவில்லை. அவர் காட்டிய முறைப்படியே நாமும் வாங்குவது அவருக்கு எப்படி அவமதிப்பாகும், மாமா?

முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த, இப்போதைக்குச் செயலாளர் பெயருக்கு ஒரு பவரும் விற்பனை ஒப்பந்தமும் வாங்கி வைத்துக்கொண்டு, கிரையத்தைப் பிறகு பார்க்கலாம் என்ற பொருளாளர் மாப்பிள்ளையின் யோசனையை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பவர், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் விற்பனையால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரையப் பத்திரத்தால்தான் மாறும் என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பவர் ஏஜென்டிடம் வாங்குவதே செல்லாது என்று அந்தத் தீர்ப்பைச் சிலர் புரிந்துகொள்கிறார்கள், அது தவறு. உயிரோடு இருக்கும் உரிமையாளர் முறையாகக் கொடுத்த அதிகாரத்தின்பேரில் முகவர் கிரையம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால் அது முழுமையாகச் செல்லும்.

எனவே வழி அடைபட்டுவிடவில்லை. வாரிசுகள் மூவரும், விற்கவும், பணம் பெறவும், பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவுக்குத் தாக்கல் செய்யவும் வெளிப்படையாக அதிகாரம் தரும் புதிய பத்திரத்தை மலேசியாவிலேயே நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ எழுதிக் கொடுக்கலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதை ஏற்கிறது. அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இளைய பெரியம்மாவுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆயுள் சான்று கேட்பார்கள்; அதைப் பதிவு நாளுக்குச் சற்று முன்பு வாங்குவது நல்லது.

கணக்கில் இன்னொரு திருத்தமும் வேண்டும். விற்பவர்கள் வெளிநாட்டில் வசிப்பவர்கள் என்பதால், வாங்கும் சங்கமே வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். மடலில் போட்டிருக்கும் ஒரு சதவீதம் உள்நாட்டில் வசிக்கும் விற்பனையாளருக்கு உரிய கணக்கு. கிரையத் தொகையும் உரிமையாளர்களின் வங்கிக் கணக்கிலேயே சேரட்டும். முன்பணமாகக்கூடத் தம்பியின் கணக்குக்கு எதையும் அனுப்ப வேண்டாம்.

என் பங்குத் தொகை தயாராக இருக்கிறது. தாய்ப்பத்திரம், பட்டா, இன்றைய தேதி வரையிலான வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களைச் செயலாளர் அண்ணன் இந்தக் குழுவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் நம்மவர் யாராவது ஈப்போவுக்கு நேரில் போய், இளைய பெரியம்மாவையும் வாரிசுகள் மூவரையும் பார்த்து, அவர்களுக்கு விற்கச் சம்மதமா என்று கேட்டு எழுதினால், வழக்கறிஞருக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து ஓர் உறுப்பினர்